முட்டை வெளியானதா? ஓமோன் இரத்தப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்கள் வாகரையிலிருந்தும் வருகிறார்கள், பொத்துவிலிலிருந்தும் வருகிறார்கள். கையில் டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு இருக்கும். அதில் உள்ள பரிசோதனை எதற்கு, ஏன் குறிப்பிட்ட ஒரு நாளில் எடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. டொக்டரைக் காணச் சனல் பண்ணிய இடத்தில் வரிசை நீளம், கிளினிக்கில் அதைவிட நீளம். கேட்க நினைத்ததைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டும்போதுதான் மெல்லக் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. மருந்து, சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் வீ.ஓ.ஜி., அதாவது மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணருடையது. பரிசோதனையைச் சரியான நாளில் செய்வது பற்றியும் ரிப்போட்டைப் படிப்பது பற்றியும் மட்டுமே நான் எழுதுகிறேன்.

எனக்கு மாதா மாதம் ஒழுங்காக மாதவிடாய் வருகிறது. பிறகு எதற்கு இந்தப் பரிசோதனை?

நல்ல கேள்வி. 21 முதல் 35 நாள்களுக்குள், மாதத்துக்கு மாதம் பெரிய வித்தியாசமில்லாமல் மாதவிடாய் வருகிறது என்றால் பெரும்பாலும் முட்டையும் ஒழுங்காக வெளியாகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முட்டை வெளியாகாமலே இரத்தப்போக்கு ஏற்படும் மாதங்களும் உண்டு. ஒரு வருடம் முயன்றும் பிள்ளை தங்காதவர்களுக்கு, ஒழுங்கான மாதவிடாய் இருந்தாலும், ஒரு தடவை உறுதிப்படுத்திப் பார்ப்பது வழக்கம். கல்யாணம் முடித்து மூன்று மாதம் ஆனவர்களுக்கு இது தேவையில்லை. “விசேஷம் ஒன்றும் இல்லையா?” என்று சொந்தக்காரர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்காக ஆய்வுகூடத்துக்கு ஓடி வர வேண்டாம்.

எவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்கலாம்?

35 வயதுக்குக் குறைந்தவர்கள், கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்து, கருத்தடை எதுவும் பாவிக்காமல், ஒரு வருடம். 35 தாண்டியவர்கள் ஆறு மாதம். நூறு தம்பதிகளில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு முதல் வருடத்திலேயே தங்கிவிடும். மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது, அல்லது வயிற்றில் முன்பு சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, அல்லது மாதவிடாய் வலி தாங்க முடியாமல் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே டொக்டரைக் காணுங்கள்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

மாதவிடாய் தொடங்கியதும் மூளையின் அடியில் உள்ள கபச் சுரப்பியிலிருந்து எஃப்.எஸ்.எச். என்ற ஓமோன் வந்து, சூலகத்தில் முட்டைகள் இருக்கும் சிறு பைகளை வளர்க்கத் தொடங்கும். அதில் ஒன்று மற்றவற்றை முந்தி வளரும். வளரும் பை ஈஸ்ட்ராடியோல் என்ற ஓமோனைச் சுரக்கும். அது போதிய அளவு கூடியதும் அதே கபச் சுரப்பி எல்.எச். ஓமோனை ஒரேயடியாக விடும். அந்த எழுச்சி தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியாகிறது. வெளியான முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் உயிரோடு இருக்கும்.

முட்டை போன பிறகு அந்த வெறும் பை மஞ்சட் சடலமாக மாறிப் புரொஜெஸ்டரோன் என்ற ஓமோனைச் சுரக்கிறது. கருப்பையின் உட்சுவரைக் கரு ஒட்டிக்கொள்ளத் தயாராக்குவது இதுதான். கரு தங்காவிட்டால் பன்னிரண்டு, பதினான்கு நாள்களில் மஞ்சட் சடலம் சுருங்கும், புரொஜெஸ்டரோன் இறங்கும், மாதவிடாய் வரும். அதனால்தான் முட்டை வெளியானதா என்று பார்க்கப் புரொஜெஸ்டரோனை அளக்கிறோம். முட்டை வெளியாகும் முன் அது மிகக் குறைவாக இருக்கும். வெளியாகி ஒரு கிழமையில் உச்சத்துக்கு வரும்.

துண்டில் “21ஆம் நாள் புரொஜெஸ்டரோன்” என்று எழுதியிருக்கிறது. எல்லாருக்கும் 21ஆம் நாள்தானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

21 என்ற கணக்கு, 28 நாளுக்கு ஒரு தடவை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு உரியது. அவருக்கு 14ஆம் நாளளவில் முட்டை வெளியாகும், ஏழு நாள் கழித்துப் புரொஜெஸ்டரோன் உச்சத்தில் இருக்கும், அது 21ஆம் நாள். 35 நாளுக்கு ஒரு தடவை வருபவருக்கு முட்டை 21ஆம் நாளளவில்தான் வெளியாகும். அவர் 21ஆம் நாளில் இரத்தம் கொடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். உடம்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு “முட்டை வரவில்லையாம்” என்று வீட்டில் அழுதுகொண்டிருப்பார். இது எவ்வளவு பெரிய அநியாயம்! அவருக்கு உரிய நாள் 28.

கணக்கு இதுதான்: அடுத்த மாதவிடாய் வரவேண்டிய நாளிலிருந்து ஏழு நாளைக் கழியுங்கள். உங்கள் கடைசி மூன்று நான்கு மாதங்களின் நாள் கணக்கு கையில் இருந்தால் இது சுலபம். 26 நாள் வட்டம் என்றால் 19ஆம் நாள், 30 என்றால் 23ஆம் நாள், 32 என்றால் 25ஆம் நாள். நாள் பிடிக்க முடியாதபடி ஒழுங்கில்லாமல் வருகிறது என்றால், குறிப்பிட்ட ஒரு நாளில் தொடங்கி, அடுத்த மாதவிடாய் வரும்வரை கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். செலவும் அலைச்சலும்தான், ஆனால் ஒரே தடவை எடுத்துவிட்டுத் தவறான முடிவுக்கு வருவதைவிட அது மேல்.

முதல் நாள் எது என்பதிலும் தடுமாற்றம் இருக்கிறது. நம் பக்கத்தில் பலர் தலை முழுகிய நாளை முதல் நாளாகச் சொல்கிறார்கள். முஸ்லிம் சகோதரிகளில் சிலர் சுத்தமாகிக் குளித்த நாளைச் சொல்கிறார்கள். வழிபாட்டுக்கும் வீட்டுப் பழக்கத்துக்கும் அந்த நாள் முக்கியமாக இருக்கலாம். பரிசோதனைக்கு அப்படி இல்லை. இரத்தம் நன்றாகப் போகத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். முந்திய நாள் இலேசாகக் கறை பட்டது கணக்கில் சேராது. முழுகிய நாளிலிருந்து எண்ணினால் ஐந்து ஆறு நாள் பிந்திவிடும், அதற்குள் புரொஜெஸ்டரோன் இறங்கத் தொடங்கியிருக்கும். ஒரு கலண்டரில் சிவப்புப் பேனையால் புள்ளி வையுங்கள். பிறைக் கணக்கில் நினைவு வைத்திருப்பவர்கள் அதையும் ஆங்கிலத் திகதிக்கு மாற்றி எழுதிவிடுங்கள், இரண்டு கணக்கும் கலந்தால் நாள் பிசகும்.

உரிய நாள் ஞாயிறு அல்லது போயாவில் விழுந்து ஆய்வுகூடம் பூட்டியிருந்தால் பதற வேண்டாம். ஒரு நாள் முந்தியோ பிந்தியோ எடுக்கலாம். அப்புறம், இரத்தம் கொடுத்துவிட்டு எல்லாரும் மறந்துவிடும் ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு மாதவிடாய் எந்தத் திகதியில் வந்தது என்று ரிப்போட்டின் மேலேயே எழுதுங்கள். ஏழு நாளளவில் வந்தால் சரியான நாளில் எடுத்திருக்கிறீர்கள். பதினான்கு நாள் கழித்து வந்தால் எண் குறைவாக இருந்ததற்கு முட்டை மேல் பழி இல்லை, முந்திப்போய் எடுத்துவிட்டீர்கள். அந்தத் திகதியோடு வரும் ரிப்போட்டை டொக்டரால் ஒரு பார்வையில் படிக்க முடியும். திகதி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ரிப்போட்டில் எண் வந்துவிட்டது. எவ்வளவு இருந்தால் நல்லது?

முதலில் அலகைப் பாருங்கள். புரொஜெஸ்டரோனைச் சில ஆய்வுகூடங்கள் மில்லிலீட்டருக்கு இத்தனை நனோகிராம் என்று கொடுக்கும், சில லீட்டருக்கு இத்தனை நனோமோல் என்று கொடுக்கும். 1 நனோகிராம் என்பது ஏறக்குறைய 3.18 நனோமோல். போன மாதம் ஓரிடத்தில் 30, இந்த மாதம் வேறிடத்தில் 10 என்று பார்த்து நெஞ்சு பதறியவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

உரிய நாளில் எடுத்த இரத்தத்தில் 3 நனோகிராமுக்கு மேல் இருந்தால் அந்த மாதம் முட்டை வெளியாகியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. 10 நனோகிராம், அதாவது 30 நனோமோல் அளவு இருந்தால் பல டொக்டர்மார் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். இடையில் இருந்தால் நாள் சரிதானா என்று பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த மாதம் மறுபடி எடுப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புரொஜெஸ்டரோன் ஒரே சீராகச் சுரப்பதில்லை. துடிப்புத் துடிப்பாக வரும். ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில், அளவு பல மடங்கு ஏறி இறங்கக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு 18, எனக்கு 12 என்று ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. முட்டை வெளியானதா இல்லையா என்ற கேள்விக்கு இந்த எண் பதில் சொல்லும். எவ்வளவு நல்ல முட்டை என்பதற்கு மார்க் போடாது.

நாள் சரியாகத்தான் இருந்தது. எண் 1க்கும் கீழே. என்ன அர்த்தம்?

அந்த மாதம் முட்டை வெளியாகவில்லை என்று அர்த்தம். ஆரோக்கியமான பெண்ணுக்கும் எப்போதாவது ஒரு மாதம் அப்படி நடக்கலாம், ஆகவே ஒரு ரிப்போட்டை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். மறுபடியும் அப்படியே வந்தால் காரணம் தேடுவார்கள். அதிகம் காணப்படுவது பி.சி.ஓ.எஸ். என்ற சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை. அடுத்து தைரொயிட், புரோலக்டின் ஆகிய ஓமோன்கள் பிசகுவது, உடல் எடை மிகக் கூடியிருப்பது அல்லது மிகக் குறைந்திருப்பது, கடும் மன அழுத்தம், வயது.

எண் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் தங்கவில்லை?

புரொஜெஸ்டரோன் பரிசோதனை முட்டை பற்றி மட்டுமே பேசும். கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. அதற்குக் கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே போன்ற வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. கணவரின் விந்தணு பற்றியும் அது ஒன்றும் சொல்லாது. அரிதாக, பை வெடிக்காமலே புரொஜெஸ்டரோன் சுரக்கும் நிலையும் உண்டு. அதை ஸ்கான் பார்த்துத்தான் சந்தேகிக்க முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இரத்தம் எடுக்கும் நேரத்தில் முட்டை வெளியாகி ஒரு கிழமை ஆகிவிட்டது. அந்த மாதத்துக்கான வாய்ப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. “எண் நல்லாருக்கு, இன்றைக்கே சேர்ந்திருங்கள்” என்று யாராவது சொன்னால் அது பிழை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிர்வாழக்கூடியது, முட்டை ஒரு நாள்தான். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் ஆக ஆறு நாள்களில்தான் கரு தங்குகிறது என்று காட்டியது. நாளைக் கணக்குப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துப்போகிறது என்றால், மாதவிடாய் முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை சேர்ந்திருந்தால் அந்த ஆறு நாள் தானாக அதற்குள் வந்துவிடும்.

கணவர் கட்டாரில். வருடத்துக்கு ஒரு மாத லீவில் வருகிறார். நாங்கள் என்ன செய்வது?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று, செங்கலடி என்று எந்த ஊரை எடுத்தாலும் இந்தக் கேள்வி வருகிறது. முதலில் மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள். கல்யாணமாகி நான்கு வருடம் என்றாலும், சேர்ந்து இருந்தது நான்கு மாதம் என்றால் உங்கள் முயற்சிக்கு வயது நான்கு மாதம்தான். அதை வைத்து உங்களைக் குறை சொல்ல எவருக்கும் இடமில்லை.

நான் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. முட்டை வெளியாகிறதா என்று பார்க்க அவர் ஊரில் இருக்கத் தேவையில்லை. லீவுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே டொக்டரைக் கண்டு, உங்கள் புரொஜெஸ்டரோன், தைரொயிட் போன்றவற்றை முடித்துவிடுங்கள். குறை ஏதும் இருந்தால் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும். லீவு மாதம் முழுவதும் ரிப்போட்டுக்காக அலைவதைவிட இது நல்லது. டிக்கட் போடும் முன்பே உங்கள் நாளைக் கணக்கிட்டு, மாதவிடாய் முடியும் தறுவாயில் அவர் வந்து இறங்குமாறு பார்த்தால், சில நேரம் இரண்டு மாதத்து வாய்ப்பும் ஒரே லீவுக்குள் அகப்படும். அவர் வந்த முதல் கிழமையிலேயே விந்துப் பரிசோதனையைச் செய்துவிடட்டும்.

பாமசியில் விற்கும் முட்டைப் பரிசோதனை ஸ்ரிப் போதாதா?

அது சிறுநீரில் எல்.எச். எழுச்சியைக் காட்டும். முட்டை வெளியாகப் போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதால் சேர்ந்திருக்கும் நாளைத் தெரிந்துகொள்ள அது இரத்தப் பரிசோதனையைவிட உதவியானது. ஆனால் எல்.எச். எழுந்தும் முட்டை வெளியாகாமல் போகலாம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் சற்றுக் கூடுதலாக இருப்பதால் பல நாள் பொய்க்கோடு விழும். ஸ்ரிப்பில் கோடு நன்றாக விழுந்த நாளைக் குறித்து வைத்து, அதிலிருந்து ஏழு நாளளவில் புரொஜெஸ்டரோனுக்கு இரத்தம் கொடுத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. வட்டம் நீளமானவர்களுக்கு இது நல்ல உபாயம்.

காலையில் உடல் வெப்பநிலை எடுத்துப் பார்ப்பதும் உண்டு. முட்டை வெளியான பின் 0.3 முதல் 0.5 பாகை வரைதான் ஏறும். எங்கள் சித்திரை வெக்கையில், ஃபேன் இல்லாமல் இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் எடுக்கச் சொல்லும் பரிசோதனைகள் எவை?

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடியோல். மாதவிடாயின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் எடுப்பார்கள். அந்த நாள்களில் எஃப்.எஸ்.எச். மிகக் கூடுதலாக இருந்தால், சூலகத்தைத் தட்டி எழுப்ப மூளை அதிகம் சிரமப்படுகிறது, முட்டைக் கையிருப்பு குறைந்துவருகிறது என்று கொள்ளலாம். ஈஸ்ட்ராடியோலையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: அது கூடுதலாக இருந்தால் எஃப்.எஸ்.எச்.ஐ அடக்கி, நல்ல எண்போலக் காட்டிவிடும். இரத்தப்போக்கு இருக்கும் நாளில் ஆய்வுகூடத்துக்கு வரக் கூச்சப்பட்டுப் பத்தாம் நாள் வருபவர்கள் இருக்கிறார்கள். கையில்தான் ஊசி போடுகிறோம். துடக்கு என்று எங்களிடம் ஒன்றும் இல்லை, வாருங்கள்.

ஏ.எம்.எச். குறைவு என்று வந்துவிட்டது. இனிப் பிள்ளையே கிடைக்காதா?

அப்படி இல்லை. ஏ.எம்.எச். என்பது சூலகத்தில் எத்தனை முட்டைகள் மீதியிருக்கலாம் என்பதற்கான அறிகுறி. மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். பட்டறையில் விதைநெல் எத்தனை மூட்டை மீதி என்று அது சொல்லும், அந்த நெல் முளைக்குமா என்று சொல்லாது. ஒரு மாதத்துக்கு ஒரு முட்டைதானே வேண்டும். 30 முதல் 44 வயது வரையான, முன்பு குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. ஏ.எம்.எச். குறைந்தவர்களுக்கும் இயல்பாகக் கரு தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை என்று அதில் கண்டார்கள். ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்ச் சிகிச்சை செய்யும்போது எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்கத்தான் இந்த எண் அதிகம் உதவுகிறது. விலை கூடிய பரிசோதனை இது. டொக்டர் கேட்காமல், எவரோ சொன்னார் என்று காசைக் கொட்டி எடுத்துவிட்டுத் தூக்கம் கெடாதீர்கள்.

தைரொயிட்டையும் புரோலக்டினையும் ஏன் பார்க்கிறார்கள்?

இரண்டும் பிசகினால் முட்டை வெளியாவது தடைப்படலாம், இரண்டுக்கும் குளிசையில் வைத்தியம் இருக்கிறது. அதனால்தான். புரோலக்டின் பால் சுரக்கும் ஓமோன். தூக்கம், பதற்றம், வேகமாக நடந்து வருவது எல்லாமே அதைச் சற்று ஏற்றிவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவுடன் கையை நீட்டாமல், அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். வாந்திக்கும் வயிற்று உப்பலுக்கும் எடுக்கும் டொம்பெரிடோன் குளிசையும் சில மனநோய் மருந்துகளும் புரோலக்டினைக் கூட்டும். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் டொக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

தலைமயிர் உதிர்வதற்கு எடுக்கும் பயோட்டின் குளிசையையும் சொல்ல வேண்டும். அது ஓமோனை மாற்றுவதில்லை, எங்கள் சில இயந்திரங்களின் கணக்கைக் குழப்பிவிடும். தைரொயிட் எண்ணும் புரொஜெஸ்டரோன் எண்ணும் பொய்யாக வரலாம். டொக்டரைக் கேட்டு, பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு வருவது நல்லது.

பி.சி.ஓ.எஸ். என்றால் பிள்ளை கிடைக்காது என்கிறார்களே?

முட்டை வெளியாவது பிந்தும், சில மாதம் தவறும். முட்டையே இல்லை என்பதல்ல. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல் இந்தப் பிரச்சினை இருந்தது. அவ்வளவு சாதாரணமான ஒன்று. எடை கூடியவர்களுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதம் குறைந்தாலே பல நேரம் முட்டை வெளியாகத் தொடங்கிவிடும். மதியச் சோற்றின் அளவைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டுங்கள், பின்னேரம் நடவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் முட்டையை வளர்க்கும் லெட்ரசோல் போன்ற குளிசைகள் இருக்கின்றன. அவற்றை எடுக்கும் மாதத்தில் ஸ்கானும் புரொஜெஸ்டரோனும் பார்ப்பார்கள், குளிசை வேலை செய்ததா என்று தெரிய.

மூன்று மாதக் கருத்தடை ஊசியை நிறுத்தினேன். இன்னும் முட்டை வெளியாகவில்லை என்று ரிப்போட் சொல்கிறது. ஊசி கெடுத்துவிட்டதா?

கெடுக்கவில்லை. டெப்போ ஊசியின் மருந்து உடலிலிருந்து மெதுவாகத்தான் கழியும். கடைசி ஊசி போட்டதிலிருந்து கரு தங்கச் சராசரியாகப் பத்து மாதமளவு எடுக்கலாம், சிலருக்கு அதற்கும் மேல். கருப்பைக்குள் வைக்கும் லூப்பையோ கையில் வைக்கும் குச்சியையோ எடுத்தால் இவ்வளவு தாமதம் இல்லை. அடுத்த பிள்ளைக்கு நாள் குறித்து வைத்திருப்பவர்கள் ஊசியைத் தெரிவு செய்யும்போதே இதை மருத்துவமாதுவிடம் பேசிக்கொள்ளுங்கள்.

டுஃபாஸ்டன் குளிசை எடுத்துத்தான் மாதவிடாய் வருகிறது. அப்போ முட்டையும் வெளியாகிறதுதானே?

இல்லை. குளிசையை நிறுத்தியதும் கருப்பைச் சுவர் கழிந்து வரும் இரத்தம் அது. முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டுஃபாஸ்டனில் உள்ள டைட்ரொஜெஸ்டரோன் எங்கள் புரொஜெஸ்டரோன் பரிசோதனையில் தெரியாது. ஆனால் இயற்கைப் புரொஜெஸ்டரோன் குளிசையோ யோனியில் வைக்கும் மருந்தோ எடுத்தால் எண் ஏறித் தெரியும், முட்டை வெளியானதுபோலத் தோன்றும். துண்டில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார்.

இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது. மனைவி ஆறு ஏழு தடவை கையில் ஊசி ஏற்றி, ஸ்கானுக்குப் படுத்து, குழாய் எக்ஸ்ரேயின் வலியையும் தாங்கிய பிறகு, கடைசியில் கணவரின் விந்துப் பரிசோதனையில் காரணம் தெரியவருவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கும். விந்துப் பரிசோதனைக்கு வலி இல்லை, ஊசி இல்லை. அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அதுதான் வழமை. மருமகனுக்கு அங்கே பெரிய மரியாதை. அந்த மரியாதையாலேயே மாமியாருக்கு, “மருமகன், நீங்களும் ஒருக்கா செக் பண்ணிப் பாருங்களேன்” என்று சொல்ல வாய் வருவதில்லை. மகளைத்தான் கூட்டிக்கொண்டு ஓடுவார். இதைச் சொல்லக் கூடியவர் டொக்டர். முதல் தடவையே இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போனால், அவர் இருவருக்கும் ஒரே துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவார், வீட்டில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

மாதிரி கொடுக்க முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை சேராமல் இருக்க வேண்டும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு குறையாமல் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர வேண்டும். தூரத்து ஊர்க்காரர் வீட்டிலிருந்து கொண்டுவர முடியாது, ஆய்வுகூடத்திலேயே தனி அறை கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியில் மில்லிலீட்டருக்கு 16 மில்லியன் விந்தணு என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் முடியவே முடியாது என்று அர்த்தமல்ல, மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு எடுக்கும் என்பதால், சிகரெட்டை இன்றைக்கு விட்டால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

வெறும் வயிற்றோடு வரவேண்டுமா? நோன்பு காலத்தில் எடுக்கலாமா?

புரொஜெஸ்டரோனுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சீனி, இன்சுலின் பரிசோதனையும் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் தேவை. நோன்போடு வந்தாலும் ரிப்போட் கெடாது. நோன்போடு இரத்தம் கொடுக்கத் தயக்கம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது?

உங்கள் பகுதிக்குரிய மருத்துவமாதுவிடம். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்களைப் பதிந்து, ஃபோலிக் அமிலக் குளிசை கொடுப்பதும் அவருடைய வேலைதான். முயற்சி தொடங்கும்போதே அந்தக் குளிசையையும் தொடங்க வேண்டும். அவரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் வீ.ஓ.ஜி. கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களில் பெண்நோயியல் கிளினிக் நடக்கிறது, காசு இல்லை. அங்கே இல்லாத பரிசோதனைக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருக்கும். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள், இயந்திரத்துக்கு இயந்திரம் எண் சற்று மாறும். பழைய ரிப்போட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் திகதி வரிசையில் வையுங்கள்.

புரொஜெஸ்டரோன் நன்றாக இருந்தது, வரவேண்டிய நாள் கடந்தும் மாதவிடாய் வரவில்லை. இப்போது?

சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒரு கோடுதான் விழுந்தது, மாதவிடாயும் வரவில்லை என்றால் மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு கோடு விழுந்தால் உடனே மருத்துவமாதுவுக்குச் சொல்லிவிடுங்கள், எட்டுக் கிழமைக்கு முன்பே பதிய வேண்டும். அந்த நாள்களில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி, இரத்தப்போக்கு ஏதாவது வந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். கரு குழாயில் தங்கியிருக்கலாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைத்து நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.